டார்லிங் என்று ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தவள்

'கமிங் ஆஃப் ஏஜ்' நாவல் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். நேராகச் சொன்னால் 'வயசுக்கு வர்ற கதை' ஆகிவிடும். மஞ்சள் நீராட்டுக்குப் பந்தல் போட்டமாதிரி இருக்கும். ஆனால் நோவயலெட் புலவாயோவின் 'வி நீட் நியூ நேம்ஸ்' நாவலுக்கு அந்தத் தடுமாற்றமே பொருத்தம்தான். அதில் வரும் சிப்போவுக்கு 11 வயது. கர்ப்பமாக இருக்கிறாள். காரணம் அவளுடைய தாத்தா. பேசுவதையே நிறுத்திவிட்ட அவள், கொய்யா திருடப் போகும் கூட்டத்தோடு மட்டும் ஓடுகிறாள். வயிற்றோடு அவள் பின்தங்கும்போது மற்றவர்கள் திட்டிக்கொண்டே நின்று கூட்டிப் போகிறார்கள்.

2013இல் வந்த நாவல் இது. அந்த ஆண்டு புக்கர் குறும்பட்டியலில் இருந்தது. முதல் அத்தியாயம் அதற்கு முன்பே தனிக்கதையாக வந்து 2011இல் கெய்ன் பரிசு வாங்கியது. கதை சொல்பவள் டார்லிங் என்ற 10 வயதுச் சிறுமி. நாட்டின் பெயர் எங்கும் வருவதில்லை. ஜிம்பாப்வே என்று நமக்குத் தெரிகிறது. 2005இல் முகாபே அரசு நகரங்களைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று புல்டோசர் விட்டது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. சொன்னது. அப்படி வீடு போனவர்கள் தகரக் கொட்டகைகளில் ஒதுங்கிய இடம் இந்த நாவலில் பாரடைஸ். பக்கத்தில் பணக்காரர்கள் வாழும் பகுதிக்குப் பெயர் புடாபெஸ்ட்.

குறை சொல்பவர்கள் இரண்டு இடத்தில் கை வைப்பார்கள். ஒன்று, வறுமையை மேற்குக்குக் காட்சிப்பொருளாக்குகிறது என்பது. நைஜீரிய எழுத்தாளர் ஹெலோன் ஹபிலா தன் மதிப்புரையில் இதைக் கடுமையாகவே கேட்டார். எனக்கும் சில பக்கங்களில் அப்படித் தோன்றியது. கர்ப்பிணிச் சிறுமி, எய்ட்ஸ் வந்து திரும்பும் அப்பா, போலித் தீர்க்கதரிசி என்று வரிசையாக வரும்போது, 'லிஸ்ட் போட்டு எழுதியிருக்காங்களோ' என்ற சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் நாவலுக்கு இந்தக் கேள்வி முன்பே தெரியும். என்.ஜி.ஓ. வண்டி வரும் காட்சியைப் பாருங்கள். பொம்மையும் சட்டையும் கொடுக்க வந்தவர்களோடு ஒரு கேமராக்காரரும் வருகிறார். காட்நோஸ் என்ற பையனின் கிழிந்த டிரவுசர் வழியே தெரியும் பின்புறம்தான் அவருக்குப் படம். அவன் கையால் பொத்திக்கொள்கிறான். அடுத்து சிப்போவின் வயிறு. அவளை ஒரு சினிமா நட்சத்திரத்தைப்போலச் சுற்றிச் சுற்றி எடுக்கிறார். பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள், சிரிக்கிறார்கள், பரிசுக்காகக் காத்திருக்கிறார்கள். நாம் அதுவரை என்ன பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அந்த இடத்தில் நமக்கே கூசுகிறது.

இரண்டாவது குறை, டார்லிங் அமெரிக்கா போனபிறகு நாவல் சப்பென்று ஆகிவிடுகிறது என்பது. முதல்முறை படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். டெட்ராய்ட்டில் சித்தி ஃபோஸ்டலினா வீடு, பனி, டிவி, பள்ளிக்கூடம், பிறகு பாட்டில் பிரிக்கும் வேலை. மொழியின் துள்ளல் போய்விட்டது. மறுமுறை படித்தபோதுதான், காணாமல் போனது துள்ளல் மட்டுமல்ல என்று பிடிபட்டது. பாரடைஸில் டார்லிங் வாயைத் திறந்தாலே 'நாங்கள்'தான். நாங்கள் ஓடினோம், நாங்கள் தின்றோம், எங்களுக்கு வயிறு கட்டிக்கொண்டது. அமெரிக்காவில் அது 'நான்' ஆகிவிடுகிறது. ஒருவர் தன் 'நானை'க் கண்டடைவதுதான் வளர்ச்சி என்று இந்த வகை நாவல்கள் வழக்கமாகச் சொல்லும். இங்கே அந்த 'நான்' அவள் சம்பாதித்தது அல்ல, எல்லாம் போனபிறகு மிஞ்சியது.

பெயர்களைப் பின்தொடர்ந்தால் இது இன்னும் தெளிவாகிறது. தலைப்பு ஒரு விளையாட்டிலிருந்து வருகிறது. சிப்போவின் வயிற்றில் இருப்பதை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று சிறுமிகள் முடிவு செய்கிறார்கள். அதற்கு டாக்டர் ஆக வேண்டும். டாக்டர் ஆக டிவி தொடரில் வருவதுபோலப் புதுப் பெயர் வேண்டும். அவர்கள் கையில் இருப்பது சட்டை மாட்டும் கம்பி. நல்லவேளையாக மதர்லவ் என்ற பெண் வந்துவிடுகிறாள். அவள் திட்டவில்லை, கம்பியைப் பார்த்துவிட்டு, சிப்போவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். தலைப்பைக் கேட்டதும் விடுதலை முழக்கம் மாதிரி இருந்தது எனக்கு. அதன் அடியில் இருப்பது இந்தக் குழந்தைகளின் பயம்.

பிற்பகுதியில், குடியேறிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசும் ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே 'நாங்கள்' திரும்பி வருகிறது, ஆனால் முகமில்லாமல். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு எங்கள் பெற்றோரின் பெயரை வைக்கவில்லை, அந்த ஊருக்குப் பொருந்தும் பெயரை வைத்தோம், எங்களுக்கு அந்தப் பெயர்களில் அர்த்தமே இல்லை என்கிறது அந்தக் குரல். தமிழில் இதைப் படிக்கும் நமக்கு வேறொன்றும் உறைக்கும். பேரன் என்பதே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். அந்தக் கணக்கில் இந்தப் பிள்ளைகள் யாருக்கும் பேரன் பேத்தி இல்லை.

ஆசிரியரின் பெயரையும் சேர்த்தே யோசிக்கலாம். பெற்றோர் வைத்த பெயர் எலிசபெத் ஷண்டிலே ஷெலே. வயலெட், அவர் சிறுகுழந்தையாக இருந்தபோதே இறந்துபோன அம்மாவின் பெயர். 'நோ' என்றால் ண்டெபெலே மொழியில் 'உடன்'. புலவாயோ அவருடைய ஊர். 'வயலெட்டுடன்' என்று பெயர் வைத்துக்கொண்டுதான் அவர் இந்தக் கதையை எழுதியிருக்கிறார்.

கடைசியில் ஸ்கைப்பில் சிப்போ வருகிறாள். பாஸ்டர்ட் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டான், காட்நோஸ் துபாய்க்கு. சிப்போ போகவில்லை. டார்லிங் 'நம்ம நாடு' என்று அனுதாபமாக ஆரம்பித்ததும் சிப்போ மறிக்கிறாள். டிவியில் பார்த்தால் அது உன் நாடாகிவிடுமா? வீடு எரிந்தால் தண்ணீர் தேடுவாயா, ஓடிப் போவாயா? நீ போனவள்தானே? டார்லிங்கிடம் பதில் இல்லை. விசா காலாவதியாகி இருப்பதால் போய்ப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. கணினியைத் தூக்கிச் சுவரில் எறிகிறாள்.

நான் சிப்போவின் கட்சியாக இருந்தவன். வெளிநாடு போன நண்பன் ஒருவன், ஊரில் குளத்தை மூடிக் கடை கட்டுவதைப் பற்றி ராத்திரி பதினோரு மணிக்கு அழைத்துப் புலம்பினான். "ஒனக்கென்னடா, நீதான் போயிட்டியே" என்றேன். அப்புறம் அவன் ஊரைப் பற்றிப் பேசுவதில்லை. முதல்முறை ஸ்கைப் காட்சியைப் படித்தபோது, சரியாத்தான் கேட்டிருக்கா என்று சந்தோஷப்பட்டேன்.

மறுவாசிப்பில்தான் நான் தாண்டிப் போயிருந்த ஒரு சின்ன விஷயம் நின்றது. சிப்போவின் குழந்தை அழிக்கப்படவில்லை. பெண் பிறந்தாள். அவளுக்கு சிப்போ வைத்த பெயர் டார்லிங். போனவள்மீது அவ்வளவு கோபம் இருக்கிறவள், தினமும் வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நான் என் நண்பனிடம் கடன் வாங்கிப் பேசியது சிப்போவின் கோபத்தை மட்டும்தான்.