நுண்ணுயிர் உரம்: பலனும் வரம்பும்

ஆகாயத்தில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் நிறைந்திருந்தும் அதை நேரே உட்கொள்ளும் சக்தியற்ற பயிர்களிடையே, பயறு வகைக்கு மட்டும் அது எவ்வாறு வாய்க்கிறது என்ற நெடுநாளைய ஐயத்தை, வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிரைக் காரணமாகக் காட்டி, 1886-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் தீர்த்துவைத்தனர். பூக்கும் தருணத்தில் ஓர் உளுந்துச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். அந்நிறம் இருக்குமாயின் தழைச்சத்தாகிய நைட்ரஜனைச் சேர்க்கும் காரியம் நடைபெறுகிறதென்று கொள்ளலாம்.

இந்நுண்ணுயிரை உரமாக இடும் முறையின் மகத்துவத்துக்குப் பிரேசில் நாட்டுச் சோயா சாகுபடியே தக்க சாட்சி. வேற்று நாட்டிலிருந்து வந்த அப்பயிருக்குரிய பாக்டீரியா அந்த மண்ணில் இயல்பாக இல்லாமையால், தேர்ந்த இனங்களை விதையோடு சேர்த்து ஊன்றி, ரசாயனத் தழையுரத்தை அநேகமாக விலக்கியே அந்நாட்டு விவசாயிகள் பெருவிளைச்சல் காண்கின்றனர்.

ஆயினும், அந்த வெற்றியை எல்லாப் பயிருக்கும் எல்லா நிலத்துக்கும் பொதுவாக்கிப் பேசுவது நியாயமாகாது. நம் நிலக்கடலை வயல்களில் முடிச்சிடவல்ல பூர்விக பாக்டீரியாக்கள் ஏற்கெனவே மலிந்திருப்பதால், புதிதாக இடும் இனம் அவற்றோடு போட்டியிட மாட்டாமல் தோற்றுப்போவதுண்டு. நெல்லுக்கு இடும் அசோஸ்பைரில்லம் என்னும் பாக்டீரியா முடிச்சுகளை உண்டாக்குவதில்லை. அதன் பலனில் பெரும்பகுதி வேரைத் தழைக்கச் செய்வதால் விளைவதேயன்றித் தழைச்சத்தை ஈட்டித் தருவதால் அன்று என்ற அபிப்பிராயம் விஞ்ஞானிகளிடையே வலுத்திருக்கிறது. பாஸ்போபாக்டீரியாவோ மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருமேயன்றி, இல்லாததைச் சிருஷ்டிக்காது.

இவற்றினும் பெரிய குறை, இந்தச் சரக்கு ஜீவனுள்ளது என்பதை மறந்து, யூரியா மூட்டையைப் போல் அதைக் கையாள்வதாகும். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-இல் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டு, பொடியாக விற்கும் ரைசோபியம் என்னும் வேர்முடிச்சு பாக்டீரியாவில் கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களேனும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. ஆனால் கோடை வெயிலில் தகிக்கும் தகரக் கொட்டகையில் கிடந்த பொட்டலத்துள் எத்தனை எஞ்சியிருக்குமென்பதை வாங்குகிற குடியானவர் கண்ணால் காண வழியில்லை. பொட்டலம் நன்றாயிருந்தாலும், ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்கும் சிரத்தை வேண்டும். பூசண மருந்தோடு ஒருங்கே கலந்தாலோ, தழையுரத்தை அளவின்றி இட்டாலோ அவ்வளவும் வியர்த்தமாகும்.

ஆகவே, செலவு சொற்பமென்பதை மட்டும் கருதி நுண்ணுயிர் உரத்தை எங்கும் சிபாரிசு செய்வதை விடுத்து, உரிய பாக்டீரியா இல்லாத நிலத்தில் பயறு வகைக்கு அதை முதன்மையாக்குவதும், நெல் முதலியவற்றுக்கு வயலின் ஒரு பாத்தியில் இட்டும் மறுபாத்தியில் இடாமலும் ஒப்புநோக்கிய பின்னரே ரசாயன உரத்தைக் குறைப்பதும் விவேகமாகும். குளிர்ந்த கிடங்கும் நம்பத்தக்க பரிசோதனையும் அமையாதவரையில், இதன் தோல்விகளுக்கு நுண்ணுயிரை நோவதில் பொருளில்லை.