சிப்காட் சாலையில் ஒரு பாதாம் மரம்

இலைகள் சிவக்கும் காட்சிக்காக காஷ்மீருக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள், தை பிறந்ததும் ஒரு காலை கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறலாம். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போகும் வழியில், டீக்கடை ஓரத்திலோ தொழிற்சாலை மதிலை ஒட்டியோ ஒரு பாதாம் மரம் நிற்கும். அதன் அகன்ற இலைகள் அப்படியே காய்ந்து விழுவதில்லை. பச்சையம் வடிய வடிய மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாகித்தான் உதிரும். சில மரங்கள் ஆண்டுக்கு இரண்டு முறைகூட இந்த வேஷத்தைக் கட்டும்.

பெரும்பாலானோர் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு படம் எடுப்பார்கள். இலை பெயின்ட் அடித்த தகடு மாதிரி விழும். மரத்தைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனால் கதையே வேறு. வெளிச்சம் இலைக்குள் புகுந்து வர, நரம்புகள் ஒவ்வொன்றும் தெரியும். கைபேசி என்றால் திரையில் இலையின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் வெள்ளை வானத்தை நம்பி, இலையைக் கருப்பாக்கிவிடும். இந்தப் பகுதியில் சூரியன் செங்குத்தாக, விறுவிறுவென்று ஏறும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

நம்மூரில் காடு முழுக்க ஒரே நாளில் நிறம் மாறாது. ஒவ்வொரு மரத்துக்கும் தனிப் பஞ்சாங்கம். அதனால் பருவத்தைப் படம் எடுப்பது என்றால் முதலில் எந்த மாதத்துக்கு எந்த மரம் என்று தெரிந்துகொள்வதுதான். கேமரா எல்லாம் அப்புறம்.

புங்கையை எடுத்துக்கொள்ளலாம். மாசியில் மொட்டையாக நிற்கும் மரம், பங்குனியில் திடீரென்று தளிர் விட்டுப் பளபளக்கும். எண்ணெய் தடவியது போன்ற அந்த இளம்பச்சை சில நாள்தான். பிறகு இலைக்குள் புகும் பூச்சிகள் வெள்ளைக் கோடும் திட்டுமாக வரைந்துவிடும். குறை இல்லாத தளிர் வேண்டுமானால் அந்த வாரத்தைத் தவறவிடக் கூடாது. ஆனால் பூச்சி போட்ட கோலத்தையும் நெருங்கி எடுத்துப் பார்க்கலாம். அது ஒன்றும் மோசமில்லை. அடுத்து பூ. சங்கப் புலவர்கள் பொரிக்கு ஒப்பிட்ட பூ அது. கிளையில் இருக்கும்போது கண்ணில் படாது, தரையில் கொட்டிக் கிடக்கும்போதுதான் அழகு. கேமராவைத் தரையோடு தாழ்த்தினால், பூ விரிப்புக்கு அப்பால் நிற்கும் லாரிச் சக்கரமும் படத்தில் வரும். வரட்டும். புகைபோக்கியையும் மின்கம்பியையும் வெட்டிவிட்டு எடுத்தால் அது எந்த ஊர்ப் படமாகவும் இருக்கலாம்.

சித்திரையில் வேம்பு பூக்கும், கொன்றை சரம் சரமாகத் தொங்கும். ஏப்ரல் நான்காம் வாரத்தில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே விழும். புகைப்படக்காரர்கள் நடுப்பகலில் கேமராவை உறைக்குள் வைத்துவிடுவார்கள். அந்த ஒரு வாரம் மட்டும் வெளியே எடுக்கலாம். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் அதே வாய்ப்பு உண்டு, மேகம் விட்டால்.

இரும்பு உருட்டாலைகளும் லாரிகளும் நிறைந்த இந்தப் பகுதியில், கோடையில் சாலையோர இலைகள் புழுதி பூசிக்கொள்ளும். மாலை இடிமழை அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனால், புழுதியில் துளி ஓடிய தடம் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். நல்ல மழை என்றால் இலை முழுக்கக் கழுவிப் பளபளக்கும். ஈர இலையின் மினுக்கு நிறத்தை மறைக்கும். லென்ஸில் போலரைசர் மாட்டித் திருப்பினால் பச்சை வெளியே வரும்.

பொன்னேரிப் பக்கத்து ஏரிக்கரைப் பனைகளுக்கு நிறம் தேவையில்லை. உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே கேமரா அமைத்துக்கொண்ட இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) படம் எடுத்தது கறுப்பு வெள்ளையில். பனையை அப்படி எடுத்துப் பார்த்தால் அதன் உருவம் பிடிபடும். ஆடிக் காற்றில் ஷட்டர் வேகத்தை 1/15 நொடிக்குக் குறைத்து, கேமராவை அசையாமல் பிடித்தால், தண்டு நிற்கும், ஓலை பறக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பழவேற்காடு. அங்கே பூநாரைகளைப் படகில் துரத்த வேண்டாம். பறந்தோடும் பறவையின் முதுகு யாருக்கு வேண்டும்?

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஒரே மரத்தை, ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை எடுப்பது. மைல்கல்லோ மின்கம்பமோ அடையாளம் போதும். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாளை 9ஆம் நூற்றாண்டிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் சீசன்வாட்ச் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் மரத்தைப் பதிவு செய்து தளிர், பூ, காய் விவரங்களை வாராவாரம் எழுதலாம். படத்தோடு தேதியும் இருந்தால், புங்கை இந்த ஆண்டு முந்தித் தளிர்த்ததா, பிந்தியதா என்று சொல்லிவிட முடியும்.

மதிலோர மரம் என்றால் முதலில் வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கம்பெனியைப் படம் எடுப்பதாக நினைத்துக்கொள்வார். தவிரவும், அந்த மரம் எப்போது இலை கொட்டியது என்று தினமும் அதன் நிழலில் நாற்காலி போடுகிற அவருக்குத்தான் தெரியும்.