மலைப்பூண்டும் அறிவுடைமையும்

கொடைக்கானல் மேல்மலையிலுள்ள கவுஞ்சியில் பூண்டுப் பற்களையே விதையாக எடுத்துவைத்து நடுகின்றனர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய உரிமைக்கு அறநெறி அடிப்படை யாது?

உழைப்பே உடைமைக்கு உரிமை தருகிறது என்றார் 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக். தனியொருவன் திருத்திய நிலத்திற்கு இவ்வாதம் பொருந்தலாம். பல தலைமுறையினர் கூடி வளர்த்த அறிவுக்கு எவனை உடையவன் என்போம்? நிலத்தைப் பகிர்ந்தால் பங்கு குறையும்; அறிவைப் பகிர்ந்தால் குறையாது. ஆகவே அறிவுக்கு வேலியிடுவோரே நியாயம் காட்டக் கடமைப்பட்டவர் என்பது நமது துணிபு.

1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இவ்வகையில் பாராட்டத்தக்கது. அது பயிரிடும் அறிவைப் பூட்டிவைப்பதில்லை, பெயரையே காக்கிறது. அவ்வுரிமையை விற்கவோ அடகுவைக்கவோ இயலாது. வேற்றிடத்துப் பூண்டை மலைப்பூண்டு எனக் கூறி விற்பது பொய்ச்சாட்சி. அதைத் தடுப்பது அறமே.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டவேண்டும். அப்பெயரைச் சட்டப்படி பயன்படுத்தும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவுசெய்துகொண்டவருக்கே உண்டு. பதிவேட்டில் இடம்பெறாத ஏழை உழவனுக்கு, அவனுடைய முன்னோர் ஈட்டிய நற்பெயரே அந்நியமாகிவிடும். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வயலின் ஓரத்தை எளியவனுக்கென ஒதுக்குகிறது. பதிவேட்டின் ஓரத்தில் நிற்பவனை நாமும் மறத்தலாகாது. அவனுக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும் ஆயர் பணியே.