பாதிக் கேள்வி

திருப்பரங்குன்றத்துல உட்கார்ந்து பார்த்தா பஸ்தர் ரொம்ப தூரம்னு நினைச்சிருந்தேன். 2009இல் தொடங்கிய ‘பச்சை வேட்டை’ பற்றி அருந்ததி ராய் 2010இல் எழுதிய ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ கட்டுரையை மறுபடி வாசித்தேன். சுரங்க ஒப்பந்தங்களையும் துணை ராணுவத்தையும் ஒரே படத்தில் வைத்துக் காட்டியதுதான் அதன் பலம். பலவீனம்? கெரில்லாக்களோடு நடந்தவர், இரண்டு பக்கத் துப்பாக்கிக்கும் பயந்து கிடந்தவர்களிடம் அதிகம் உட்காரவில்லை.

நியமகிரியில் 2013இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. நம்ம அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் ஏலம்னதும் ஊர்கள் தீர்மானம் போட்டன, மதுரைக்கு நடந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. இரண்டிடத்திலும் ஜனங்க பேச இடமிருந்தது. பஸ்தரில் அந்த இடத்தை அடைத்தது அரசு மட்டும்தானா? ராய் கேட்டது பாதிக் கேள்வி. மீதியை நாமதான் கேட்கணும்.