வலைக்கூடத்தில் ஹம்மிங் பறவைகள்

அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரருகே, 1952-இல் தொடங்கப்பட்ட அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் உள்ளே நடந்து பார்க்கும்படி ஹம்மிங் பறவைகளுக்கென ஒரு வலைக்கூடம் உண்டு. அன்னா, காஸ்டா, அகல்அலகு என அந்த வட்டாரத்து இனங்களே அதில் வாழ்கின்றன. மூன்று, நான்கு கிராம் எடையுள்ள இப்பறவைகள் வெளியில் பெரும்பாலும் கீற்றாகக் கடந்துவிடும். இங்கோ கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து இறகு கோதுகின்றன.

இந்த அண்மையின் முதற்பயன் நிறத்தைப் பற்றிய தெளிவு. ஆணின் கழுத்து மினுமினுப்பு சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது. அன்னாவின் இளஞ்சிவப்புத் தொண்டை தலையைச் சற்றே திருப்பினால் கறுத்துவிடும். நிறம் தெரியவில்லை என்பதை அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்பதைக் கூடத்தில் ஓரடி நகர்ந்து நின்றே கற்றுக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய வாய்ப்பு பெண்பறவைகளில் இருக்கிறது. பார்வையாளர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். அன்னா, காஸ்டா பெண்கள் இரண்டும் பச்சை முதுகும் வெளிர் வயிறுமாகவே இருக்கும். அன்னாவின் தொண்டை நடுவில் பெரும்பாலும் சிறு செம்பொட்டு தெரியும். அமர்ந்திருக்கையில் வால் சிறகு நுனியைத் தாண்டி நீளும். காஸ்டாவின் வால் குட்டை. இத்தகைய நுணுக்கங்களை நிதானமாக ஒப்பிட வெளிக்காடு இடம்தருவதில்லை.

ஆனால் இனங்காண்பதில் பாதி வேலை உடலைப் பார்ப்பது. மறுபாதி இடத்தையும் காலத்தையும் எடைபோடுவது. கூடத்தில் அந்த மறுபாதி இல்லை. இன்னின்ன இனங்கள்தாம் என்று பலகையே சொல்லிவிடுகிறது. வழிதவறி வந்த பறவையோ, அன்னாவும் காஸ்டாவும் கூடிப் பிறந்த கலப்பினமோ குறுக்கிட்டுக் குழப்புவதில்லை. அங்கு மட்டுமே பழகியவருக்கு ஐயப்படத் தெரியாது. இது சிறு குறையன்று.

படம் எடுப்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு. அன்னா வினாடிக்கு 40 முறைக்கு மேல் சிறகடிப்பதால் 1/1000 வினாடியிலும் சிறகு கலங்கியே பதியும். உறையவைக்க வேண்டுமானால், ஆற்றல் குறைத்த பல ஃபிளாஷ்களைச் சுற்றிலும் நிறுத்தி, 1/10,000 வினாடிக்கும் குறுகிய ஒளித்துடிப்பால் பிடிக்கவேண்டும். 1960-இல் வெளிவந்த தம் ஹம்மிங் பறவை நூலுக்காகக் கிராஃபோர்ட் கிரீன்வால்ட் அதிவேக ஃபிளாஷ் கொண்டே படமெடுத்தார். பொது நடைபாதையில் அத்தனை கருவிகளை நிறுத்த இயலாது. எனவே பறக்கும் படத்துக்குக் கூடம் ஏற்றதன்று. ஆனால் பறவை ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வருவதால், முன்கூட்டியே குவியம் வைத்து எடுக்கும் அமர்நிலைப் படங்களுக்கு அதைவிட வசதியான இடம் அரிது.

அப்படங்களைக் கூண்டுப் பறவை என்று குறிக்காமல் பகிர்வதே கூடத்தில் படமெடுக்கும் பழக்கத்தின் மோசமான பக்கம். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இதற்கெனத் தனிக் குறியீடே உண்டு. வலைக்கு உள்ளும் வெளியும் ஒரே இனங்கள் வாழ்வதால், பொய்ப்பதிவைப் படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ரூஃபஸ் போல பெரும்பாலும் வலசைக் காலத்தில் அரிசோனாவைக் கடக்கும் பறவை கூண்டில் இருந்து, அதன் ஜூன் மாதப் படம் குறிப்பின்றிப் பதிவேறினால், அவ்வினத்தின் பயணக் காலமே தவறாகிவிடும்.