அடியாரை அளக்கும் கோல்

பக்தனின் குணங்கள் எவை என்று கேட்டால் இன்று சொற்பொழிவு மேடைகளில் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றுதான். மனம் அலையக் கூடாது, சினம் எழக் கூடாது, இன்பமும் துன்பமும் ஒன்றாகத் தோன்ற வேண்டும், எதிலும் ஒட்டக் கூடாது. கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் 13 முதல் 20 வரையுள்ள சுலோகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குணத்தையும் ஒரு மனப்பயிற்சியாக விளக்குவது வழக்கமாகிவிட்டது. இந்த விளக்கத்தில் பக்தன் தனியாள். அவனும் அவன் மனமும் போதும். கடவுள்கூடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கிறார். கீதைக்கே இது முழுதும் பொருந்தாது. எவ்வுயிரையும் வெறுக்காமை, நட்பு, கருணை என்றுதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. மூன்றுமே இன்னொருவர் எதிரே இருந்தாலொழிய வெளிப்பட முடியாதவை. பட்டியலின் தலையை விட்டுவிட்டு நடுவிலுள்ள சமநிலையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

வடமொழி நூல்களில் இந்த நழுவலைக் கண்டித்தவர்கள் இல்லாமல் இல்லை. பாகவதத்தின் 11ஆம் ஸ்கந்தம் பக்தரை மூன்று தரமாகப் பிரிக்கிறது. விக்கிரகத்தைச் சிரத்தையோடு பூசித்து அடியவர்களைப் பொருட்படுத்தாதவனை அது கடைசித் தரத்தில் வைக்கிறது. 3ஆம் ஸ்கந்தத்தில் கபிலர் இன்னும் கடுமை: பிற உயிர்களை அவமதித்துச் செய்யும் அருச்சனை சாம்பலில் சொரிந்த ஆகுதி. 84 சூத்திரங்கள் கொண்ட நாரத பக்தி சூத்திரம் அன்பின் வகைகளை நுணுக்கமாகப் பிரிக்கிறது. ஆனால் பிரிப்பதோடு நின்றுவிடுகிறது. குஜராத்தியில் நரசி மேத்தா வைணவன் யார் என்பதற்குப் பிறர் துயரை அறிவதையே முதல் அடையாளமாக்கினார். இவை எல்லாம் இலக்கணங்கள். இலக்கணத்தை வாழ்க்கைகளாக மாற்றிக் காட்டும் வேலையைத் தமிழ்தான் செய்தது என்பது என் துணிபு. அதற்கு ஒரு சண்டை காரணமாக இருந்தது.

திருவாரூர்த் தேவாசிரியன் மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, அவர்களை வணங்காமல் சுந்தரர் கோயிலுக்குள் போனார் என்று விறன்மிண்டர் வெகுண்டார். சுந்தரரைப் புறத்தார் என்றார். அவரை ஆண்ட சிவனையும் புறத்தார் என்றார். பதினொரு பாட்டுள்ள திருத்தொண்டத்தொகை இந்தச் சினத்திலிருந்து பிறந்தது. நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி அதைச் சற்று விரித்தது. 12ஆம் நூற்றாண்டில், அனபாய சோழன் காலத்தில், சேக்கிழார் அதை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் காப்பியமாக்கினார். அவருக்குப் பட்டியல் தெரியாமலா? திருக்கூட்டச் சிறப்பில் ஓட்டையும் பொன்னையும் ஒன்றாகக் காண்பவர்கள், வீடுபேற்றையும் வேண்டாதவர்கள் என்று அடியாரின் குணங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். பிறகு நூல் முழுவதும் அவர் கேட்பது வேறு கேள்வி: இந்தக் குணம் ஒரு குயவர் வீட்டில், ஒரு வண்ணார் துறையில், ஒரு மீனவர் வலையில் எப்படி இருக்கும்? இளையான்குடி மாறனார் வறுமையின் அடியில் இருக்கும்போது நள்ளிரவு மழையில் ஓர் அடியார் வருகிறார். பகலில் விதைத்த நெல்லை வாரி வந்து சமைக்கிறார்கள் கணவனும் மனைவியும். திங்களூர் அப்பூதியடிகள் கண்ணால் காணாத ஒருவரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் வைக்கிறார். அவரே வந்தபோது, பாம்பு தீண்டி இறந்த மகனை மறைத்துவிட்டு அமுது படைக்கப் பார்க்கிறார். காஞ்சித் திருக்குறிப்புத்தொண்டர், மழை விடாததால் சொன்ன நேரத்தில் அடியார் கந்தையை உலர்த்தித் தர முடியவில்லை என்று துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்கிறார். இவர்களில் யாரிடம் இன்றைய மேடை சொல்லும் அமைதி இருக்கிறது? பதறுகிறார்கள், தவிக்கிறார்கள். பற்று அறவில்லை, பற்று இடம் மாறியிருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். இதே நூலில்தான் எறிபத்தர் பட்டத்து யானையை வெட்டுகிறார், செருத்துணையார் அரசியின் மூக்கை அரிகிறார், சண்டேசுரர் தந்தையின் தாளைத் துணிக்கிறார். இன்னொருவரை முன்னிட்ட பக்தி வெறியில் போய் முடியும், ஆகவே உள் அமைதியே பாதுகாப்பு என்பார்கள். இந்த வன்முறையை மழுப்பி உரை சொல்வோர் வழி எனக்கு உடன்பாடில்லை. செருத்துணையாரின் செயலை நெஞ்சு இன்றும் ஏற்கவில்லை. ஆனால் சேக்கிழார் மறுதட்டிலும் ஒருவரை வைத்திருக்கிறார். திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடத்தில் வந்த முத்தநாதனின் கத்திக்கு உடலைக் கொடுத்து, அவனை யாரும் தீண்டாமல் ஊர் எல்லை கடத்திவிடும்படி தத்தனிடம் சொல்கிறார். அவன் பத்திரமாகப் போய்விட்டான் என்ற சேதி வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். பொறுமை என்ற குணத்துக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எந்த விளக்க நூலிலும் நான் கண்டதில்லை. அந்தப் பொறுமையும் கொன்றவனின் நலத்தைக் குறித்தது. தன் மன நிம்மதியைக் குறித்தது அன்று.

இந்த அளவுகோலை நாம் இழந்தது எப்போது? என் கணிப்பில் 19ஆம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில். இசையாக அது அரிய படைப்பு. அதில் ஐயமே இல்லை. ஆனால் அந்த நந்தனார், சேக்கிழாரின் திருநாளைப்போவார், யாரிடமும் விடை கேட்டு அழுதவர் அல்லர். ஆதனூரில் தம் தொழிலுக்கு உரிய மானிய நிலத்தில் உண்டு, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். திருப்புன்கூரில் குளம் வெட்டியவர். பாரதியார் அவருக்கு மேலே ஒரு வேதியப் பண்ணையாரைப் படைத்தார், நாற்பது வேலி நிலத்தின் அறுவடையைச் சுமத்தினார், கெஞ்ச வைத்தார். கதாகாலட்சேபம் அந்தக் கெஞ்சலை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1935இலும் 1942இலும் வந்த திரைப்படங்கள் அதை வீடு வீடாகச் சேர்த்தன. தொண்டு செய்பவர் என்ற பொருள் போய், அடங்கி நிற்பவர் என்ற பொருள் பக்தருக்கு வந்தது. அடக்கத்தை அமைதி என்று பெயர் மாற்றிக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை.

சேக்கிழாரையும் இங்கே கேட்காமல் விட முடியாது. மானியமும் குளமும் தந்து உயர்த்திய அதே திருநாளைப்போவாரைத் தில்லையில் அவர் தீக்குழிக்குள் இறக்குகிறார். சிவன் ஆணை என்றும், எரியில் மூழ்கி முனிவடிவோடு எழுந்தார் என்றும், தில்லைவாழ் அந்தணர்கள் கைதொழுதார்கள் என்றும் கதை அமைகிறது. தொழுதது தீக்குப் பிறகு. வைணவத்தில் இதே கணக்கு வேறு மாதிரித் தீர்க்கப்பட்டது: ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி இறுதிக் கடன் செய்தார், ஊர் பழித்தும் அவர் பின்வாங்கவில்லை. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம், அடியாரின் பிறப்பை ஆராய்வதை, விக்கிரகம் என்ன உலோகம் என்று பார்ப்பதைவிடக் கொடிய குற்றமாகச் சொல்லிற்று. சைவத்துக்கும் அந்த அளவுகோல் புதிதல்ல; தேவாசிரியன் மண்டபத்தில் விறன்மிண்டர் கையில் இருந்தது அதுவேதான். அடியாரை வணங்காமல் கடந்தவர் யாராயினும் புறத்தார் என்று சுந்தரரிடமே சொன்ன அந்தக் குரல், திருத்தொண்டத்தொகையில் முதலாவதாகப் போற்றப்பட்ட தில்லைவாழ் அந்தணர்களின் முன்னால், தீ மூட்டப்பட்ட அந்த வாயிலில் எழவில்லை.