பேருள்ள பேய், பேரில்லாத பேய்: தனுஷ்கோடியை நாம் படம் பிடிக்கும் விதம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவு நேரம், கையில் டார்ச், கூரை போன ஒரு சுவர். மூச்சு வாங்கிக்கொண்டே ஒருவர் சொல்வார்: "கைஸ், இங்கதான் 1964ல..." பின்னணியில் ஒரு பெண் அழுவாள். அந்த அழுகை தனுஷ்கோடியில் பதிவானது இல்லை. எல்லாப் பேய் வீடியோக்களிலும் வருகிற அதே இலவச ஒலித்துண்டுதான். கடைசியில் ஒன்றும் நடக்காது. கேமரா ஒருமுறை குலுங்கும், "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்பார், அடுத்த பாகத்துக்கு சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இந்த மாதிரி ஒரு முப்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன், பெங்களூரில் கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஊரை ஸ்க்ரீனில் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம். பேய்க்கதையும் பிடிக்கும். அதனால் 'மூடநம்பிக்கை ஒழிக' என்று எழுத நான் ஆள் இல்லை. என் புகார் வேறு. இவை மோசமான பேய்க்கதைகள். ஏன் மோசம் என்று யோசித்துக்கொண்டே போனால், அது கதை சொல்லும் திறமையோடு நிற்கிற பிரச்சினையாகத் தெரியவில்லை.

முதலில், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி ஒரு வாசலாக இருந்தது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால், தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்பு ரயிலைப் பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் கிளம்பியது. உள்ளே 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அதில் சேர மாட்டார்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் இல்லை. ரயில் நின்றது, பிறகு இருட்டுக்குள் மெல்ல நகர்ந்தது, பேரலை வந்தது. அந்தப் புயலில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்கிறார்கள். உடைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடியைச் சரிசெய்யவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

சரி, இதில் பேய் எங்கிருந்து வந்தது?

என் சந்தேகம், அது ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆட்கள் விட்டுப்போன ஊரை ஆங்கிலத்தில் 'கோஸ்ட் டவுன்' என்பார்கள். அமெரிக்காவில் தங்கம் தீர்ந்துபோய்க் காலியான சுரங்க ஊர்களுக்கும் அதே பெயர்தான். அங்கே யாரும் தாயத்துக் கட்டிக்கொண்டு போவதில்லை. 'காலியான ஊர்' என்பதற்குமேல் அந்தச் சொல்லில் பெரிதாக ஒன்றும் இல்லை. பயணக் கட்டுரைகள் தனுஷ்கோடியை அப்படி அழைத்தன. யாரோ அதை 'பேய் நகரம்' என்று தமிழாக்கினார்கள், முடிந்தது கதை. நம்மிடம் இதற்கு 'பாழ்' என்று அழகான, பழைய சொல் இருக்கிறது. பாழூர், பாழடைந்த வீடு, பாழுங்கிணறு. பாழ் என்றால் இங்கே ஏதோ இருந்தது, இப்போது இல்லை என்ற துக்கம் வரும். பேய் என்றால் இங்கே ஏதோ இருக்கிறது, ஓடு என்ற பயம் வரும். ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு ஊரின் துக்கத்தைப் பயமாக மாற்றிவிட்டது.

இனி பேய் வீட்டுக் கதைக்கு வருவோம். அந்த வகைமைக்கு ஒரு இலக்கணம் உண்டு: வீடு, அதில் நடந்த ஒரு கொடூரம், அதற்குக் கணக்குத் தீர்க்க வரும் ஒருத்தி. நம் தலைமுறைக்கு இதன் பாடப்புத்தகம் 'சந்திரமுகி' (2005). அதன் மூலம் மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' (1993). நடுவில் கன்னட 'ஆப்தமித்ரா', பின்னால் இந்தி 'பூல் புலையா'. நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழச்சி. தமிழ்ப் படத்தின் சந்திரமுகி தெலுங்குக்காரி. கன்னடத்திலும் அவள் பேசுவது தெலுங்கு. இந்திக்குப் போனால் வங்காளி. பேய் எப்போதும் பக்கத்து வீட்டு மொழிதான் பேசுகிறது! நம் வீட்டில் நடந்த கொலையின் குரல் நமக்குப் பாதிதான் புரிய வேண்டும் என்பதில் அந்தக் கதை கவனமாக இருக்கிறது. குறையாகவும் பார்க்கலாம், நுட்பமாகவும் பார்க்கலாம்.

ஆனாலும் சந்திரமுகிக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஊர் இருக்கிறது, காதலன் இருக்கிறான், கொன்றவன் யார் என்று தெரியும், அவளுக்கு என்ன வேண்டும் என்றும் தெரியும். கடைசியில் ஒரு டாக்டர் வந்து இதெல்லாம் மனப்பிளவு என்று விளக்கிவிட்டாலும், அவளுக்கு நடந்த அநியாயத்தைப் படம் இல்லையென்று சொல்வதில்லை. தனுஷ்கோடி வீடியோக்களில் வரும் பேய் யார்? ரயிலில் வந்த மாணவனா, சுங்க அலுவலக குமாஸ்தாவா, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணா? ஒருவருக்கும் தெரியாது. வீடியோ எடுப்பவருக்கு அதைக் கேட்கவும் தோன்றவில்லை. 'ஏதோ ஒண்ணு' போதும். கணினித் துறையில் ஒரு பழைய நக்கல் உண்டு: உலகத்திலேயே கஷ்டமான வேலை பெயர் வைப்பது. பெயர் வைக்க முடியவில்லை என்றால், அது என்ன செய்கிறது என்று உனக்கே புரியவில்லை என்று அர்த்தம். இந்தப் பேய்கள் எல்லாம் 'டெம்ப்1', 'டெம்ப்2' வகைப் பேய்கள்.

இதை என்னைவிட நன்றாகச் சொன்னது என் அப்பத்தா. உச்சிப்புளிப் பக்கத்துக்காரி. அந்த டிசம்பரில் கையில் பிள்ளையோடு இருந்தவள். சில வருஷம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது அவளிடம் இப்படி ஒரு வீடியோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உன்னிப்பாகப் பார்த்தாள்.

"என்னடா தேடுறான் இவன்?"

"பேய் தேடுறான் அப்பத்தா."

"யாரு பேயி?"

"அது தெரியாதாம்."

"யாருன்னு தெரியாம எப்புட்றா பேயி? நம்ம ஊருல புளியமரத்துல இருக்கவ யாருன்னு எனக்குத் தெரியும். கெணத்துல விழுந்தவ யாரு மகன்னு தெரியும். பேரு சொல்லிக் கேட்டாத்தான அது எறங்கும்?"

இதில் ஒரு முழு அழகியல் இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. நம் ஊர்ப் பேய்களுக்கு முகவரி உண்டு. பேய் ஓட்டுகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "நீ யாரு?" என்பதுதான். வெட்டுப்பட்டும் தீயில் விழுந்தும் செத்தவர்களைத் தென்மாவட்டங்களில் பீடம் போட்டுச் சாமியாக்கி, வருஷா வருஷம் கொடை கொடுத்து, கதையைப் பெயரோடு பாடுகிறார்கள். கொடுமையான சாவை மறக்க முடியாத சமூகம் அதோடு வாழ்வதற்குக் கண்டுபிடித்த வழி அது. பயம் அதில் ஒரு பகுதி மட்டும்தான்.

இன்னொரு முரண் உண்டு. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ராமேஸ்வரம். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் தங்கள் இறந்தவர்களுக்குக் கணக்குத் தீர்க்க வரும் கரை அது. அக்னி தீர்த்தத்தில் விடிகாலையில் போய் நின்றால் தெரியும்: பெயர், கோத்திரம், எத்தனை தலைமுறை என்று கேட்டுக் கேட்டுத்தான் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்வார்கள். பெயர் மறந்துபோனவர்கள் அங்கிருந்தே ஊருக்கு போன் போட்டு, "தாத்தாவோட அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதே மணலில் கொஞ்ச தூரம் தள்ளி, பெயரே தேவைப்படாத ஒரு மரணச் சுற்றுலா நடக்கிறது.

"இந்த வீடியோவாலதானே பசங்களுக்கு 1964 தெரியுது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கூட்டம் கூடியதும், அங்கே சங்கும் மீனும் விற்கும் குடும்பங்களுக்கு நாலு காசு வருவதும் உண்மை. ஆனால் அந்தக் குடும்பங்கள் வீடியோக்களில் இருக்கிறார்களா? அரசு வாழ முடியாது என்று சொன்ன இடத்தில், நீண்ட காலம் மின்சாரம் இல்லாமல், மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து, கரைவலை இழுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பேய் வீடியோவுக்கு அவர்கள் இடைஞ்சல். பேய் நகரத்தில் மனிதர் இருந்தால் கதை கெட்டுவிடுமே. அதனால் கேமரா அவர்கள் குடிசையைத் தாண்டி இடிந்த தேவாலயத்துக்குப் போகிறது.

அந்தக் கடலில் நிஜமாகவே இரவில் நின்றவர்களும் உண்டு. அரிச்சல்முனைக்கு அப்பால் தலைமன்னார் வரை மணல் திட்டுகள் நீள்கின்றன. போர்க்காலத்திலும், 2022ல் இலங்கையின் பொருளாதாரம் விழுந்தபோதும், படகுக்காரர்கள் அகதிகளை இருட்டில் இந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தைகளோடு, தண்ணீர் இல்லாமல், யாராவது வருவார்களா என்று நின்றவர்கள். மீட்கப்பட்ட பிறகு அவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் முதலில் கேட்டது பெயரைத்தான். ஒரு பதிவேட்டில் எழுத.

இருட்டில் கரையில் ஒரு பெண் குழந்தையோடு நிற்கிறாள்: பேய்ப்படத்துக்கு இதைவிட நல்ல ஷாட் கிடையாது. அவள் பேய் ஆவதும் மனுஷி ஆவதும், கேமரா பிடிப்பவன் "நீ யாரு?" என்று கேட்கிறானா என்பதில் இருக்கிறது.

பேய்க்கதை எழுதுங்கள், எடுங்கள். நானே முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன். 653 பாசஞ்சரில் ஒரே ஒரு சீட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் உட்கார்ந்தவருக்கு ஒரு பெயர் வையுங்கள், கற்பனைப் பெயராக இருந்தாலும் சரி. பையில் என்ன கொண்டு வந்தார், தனுஷ்கோடியில் யார் காத்திருந்தார்கள் என்று யோசியுங்கள். அதற்குப் பிறகு அவர் அந்த மணலில் நடந்து வந்தால், நாம் பயப்படுவோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. "வாங்க, உக்காருங்க" என்று சொல்லத் தோன்றினாலும் தோன்றலாம்.